ஏஎம்2ஆர் செய்தவர் சிறைக்குப் போகவில்லை

'நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய மெட்ராய்டு வீடியோ கேமை ரசிகர் ஒருவர் ஏஎம்2ஆர் என்ற பெயரில் மறுபடி உருவாக்கினார். நிண்டெண்டோ வழக்குப் போட்டு அவரைச் சிறையில் தள்ளியது' என்று ஒரு கதை சுற்றுகிறது. பாதிகூட உண்மையில்லை.

அந்த ரசிகர் அர்ஜென்டினாவின் மில்டன் குவாஸ்டி. அவர் கையில் எடுத்தது 1991இல் நிண்டெண்டோவின் கேம்பாய் கைக்கருவியில் வந்த மெட்ராய்டு 2. திரையில் நான்கே நிறச்சாயல், வரைபடம் கிடையாது. எல்லாக் குகையும் ஒரே மாதிரி தெரியும், வழி தவறினால் தவறியதுதான். குவாஸ்டி ஒவ்வொரு குகைக்கும் தனி நிறம் கொடுத்தார், மூலையில் ஒரு குட்டி வரைபடம் வைத்தார். ஏறக்குறைய பத்து வருட உழைப்பு. 2016 ஆகஸ்ட் 6, மெட்ராய்டின் முப்பதாவது பிறந்தநாளன்று இலவசமாக வெளியிட்டார்.

நிண்டெண்டோ சும்மா இருக்கவில்லை என்பது சரி. பதிப்புரிமை அறிவிப்பு அனுப்பி, பதிவிறக்க இணைப்புகளை எடுக்கவைத்தது. குவாஸ்டியும் வேலையை நிறுத்திக்கொண்டார். ஆனால் வழக்கும் இல்லை, அபராதமும் இல்லை. அடுத்த வருடமே நிண்டெண்டோ அதே கேமைத் தானே புதுப்பித்து தன் 3டிஎஸ் கைக்கருவிக்கு விற்றது. அறிவிப்பு ஏன் பறந்தது என்று யூகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

சிறைக்குப் போனவர் வேறொருவர். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவியில் திருட்டு கேம் ஓட வழிசெய்யும் கருவிகளை விற்ற கும்பலைச் சேர்ந்தவர்; 2022இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 40 மாதம் விதித்தது. இரண்டு செய்தியும் ஒன்றாகக் குழம்பியிருக்கலாம்.

குவாஸ்டி? மூன் ஸ்டூடியோஸ் என்ற கேம் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2020இல் வந்த 'ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்' கேமின் களங்களை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர்.