உலகம் முழுக்க வேலை செய்யுமாம்!

வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட யாழ்ப்பாணத்தில் ஒழுங்கான ஒரு பிளக் அடப்டர் வாங்குவதற்குள் உயிர் போய் வருகிறது.

பெரியகடைப் பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் அதே வெள்ளைக் கட்டியைத்தான் தூக்கி வைக்கிறார்கள். "இது உலகம் முழுக்க வேலை செய்யும் அண்ணை." சுவிசுக்குச் சரிவருமோ? "ஓம் அண்ணை, அதுவும் யூரோப்தானே."

என்ன யூரோப்? ஜெர்மன் பிளக்கின் பின் 4.8 மில்லிமீட்டர் தடிப்பு. சுவிஸ் சொக்கெற்றில் ஓட்டை 4 மில்லிமீட்டர் பின்னுக்குத்தான். அங்கே வீடுகளில் பெரும்பாலும் அது அறுகோணக் குழிக்குள் வேறு இருக்கும். ஜெர்மன்காரனின் உருண்டைத் தலை அதற்குள் இறங்கவே இறங்காது. போன் சார்ச்சரில் வரும் மெல்லிய இரண்டு பின் மட்டும் போகும். சூரிச், பேர்ண் என்று சொந்தபந்தம் நிறைந்து கிடக்கிற ஊரில் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியவேண்டாமா?

அந்தக் கட்டிகள் பலவற்றில் எர்த்தும் கிடையாது. மூன்று பின் லப்டொப் பிளக்கைக் குத்தினால் மூன்றாவது பின் சும்மா ஒரு ஓட்டைக்குள் நிற்கும், வயர் எதிலும் தொடாது. பிறகு லப்டொப்பின் உலோக மூடியில் கை வைத்தால் சுர்ரென்கிறது. கேட்டால், "அது ஒன்றும் செய்யாது அண்ணை." ஷொக் அடிப்பது எனக்கு, ஒன்றும் செய்யாது என்று சொல்வது அவர்!

பலாலி விமான நிலையத்தில் ஏறிச் சென்னை போகிறவர்களின் கதை இன்னும் நல்லது. எங்கள் பழைய வீடுகளில் இருக்கிற அந்த 5 ஆம்பியர் உருண்டை பின்தான் இந்தியாவிலும். இப்போது இங்கே எல்லாம் 13 ஆம்பியர் சதுர பின்னுக்கு மாறுகிறது, சரி, நல்ல விஷயம்தான். ஆனால் புதிதாக வாங்கிய சாமானைச் சென்னைக்குக் கொண்டுபோனால் அடப்டர் தேடவேண்டும். அம்மம்மாவின் பழைய அயன்பொக்ஸ் அங்கே நேரே ஏறும்.

கனடாவுக்குத்தான் உச்சக்கட்டம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இதை விற்கிறவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. இங்கத்தைய கேத்திலை அங்கே குத்தினால் கால்வாசிச் சூடுதான் வரும், தேத்தண்ணிக்கு விடியுமட்டும் காத்திருக்கலாம். அங்கிருந்து மச்சாள் கொண்டுவருகிற முடி நேராக்கும் கருவியை இங்கே குத்தினால் வோல்ட் இரட்டிப்பு, சூடு ஏறக்குறைய நாலு மடங்கு. புகை வந்த பிறகு "சைனா சாமான்" என்று திட்டு வேறு!

சார்ச்சரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை, எங்கும் குத்தலாம். 120 அல்லது 230 என்று ஒன்று மட்டும் இருந்து, போகிற நாட்டின் வோல்ட் வேறாக இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இவ்வளவுதான் விஷயம், கடைக்காரர் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். பெட்டியில் எந்த நாடு, எத்தனை ஆம்பியர், எர்த் உண்டா இல்லையா என்று எழுதி ஒட்ட என்ன செலவு வரப்போகிறது? அடுத்த கடையிலும் கேட்டேன். "அண்ணை, இது புது மொடல், யூஎஸ்பியும் இருக்கு" என்று அதே வெள்ளைக் கட்டியின் கறுப்பு நிறத்தை எடுத்து நீட்டுகிறார்.