751: தலாஸ் போர் மட்டுமா?

751ஆம் ஆண்டைப் பற்றிய கட்டுரையை, மத்திய ஆசியாவில் சீனாவின் தாங் அரசை அரபு அப்பாசியர் தோற்கடித்த தலாஸ் போரோடு முடித்துக்கொண்ட கட்டுரையாளர், அங்கே அப்பாசியர் படையிடம் சிறைப்பட்ட சீனர்கள் வழியாகவே காகிதம் மேற்கே சென்றது என்று ஐயமின்றி எழுதியிருப்பதை ஏற்பது கடினம். அது பதினொன்றாம் நூற்றாண்டினரான அஸ்-ஸஆலிபி போன்ற பிற்கால ஆசிரியர்கள் சொல்லும் செய்தி. சமர்கந்துக்குக் கிழக்கே முக் மலைக் கோட்டையில் கிடைத்த சோக்திய (அப்பகுதியின் பழைய மொழி) ஆவணங்களில் காகிதத்தில் எழுதப்பட்டவையும் உள்ளன, அவையோ போருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முந்தியவை. சிறைப்பட்டவர்களில் ஒருவரான து ஹுவான் 762இல் கடல்வழியாகக் குவாங்சௌ திரும்பித் தம் பயண அனுபவங்களை எழுதினார் என்பதையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

தாங் அரசு மத்திய ஆசியாவைக் கைவிட்டதற்கும் இந்தத் தோல்வியைவிட 755இல் வெடித்த, தாங் தளபதி ஆன் லுஷானின் கிளர்ச்சியே பெரிய காரணம். அதே ஆன் லுஷான் 751இல் வடகிழக்கு எல்லை நாடோடிகளான கித்தான்களிடம் தோற்றிருந்தார். தெற்கே இன்றைய யுன்னானில் இருந்த நான்சாவோ அரசும் அவ்வாண்டில் ஒரு பெரிய தாங் படையை முறியடித்தது.

ஐரோப்பாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வட இத்தாலியை ஆண்ட லொம்பார்டு அரசன் ஐஸ்துல்ஃப் அந்த ஆண்டில்தான் கிழக்கு ரோமானியரான பைசாந்தியரிடமிருந்து இத்தாலிய நகரான ராவென்னாவைப் பறித்தான். பிராங்கியரை ஆண்ட மெரோவிஞ்சிய மரபின் கடைசி மன்னன் மூன்றாம் கில்டெரிக்கின், அரச அடையாளமான நீண்ட தலைமுடியை மழித்து மடத்துக்கு அனுப்பிவிட்டுப் பெப்பின் பிராங்கியரின் அரியணை ஏறியதும் அப்போதுதான். ராவென்னாவை இழந்த பைசாந்தியம் இனி லொம்பார்டுகளுக்கு எதிராக உதவிக்கு வராது என்று கண்ட போப் இரண்டாம் ஸ்டீபன், 753இன் இறுதியில் ஆல்ப்ஸைக் கடந்து இந்தப் பெப்பினிடம்தான் சென்றார்.