ரேடியோவில் போட்டது அந்த மிக்ஸ் இல்லை சாமி!

டிசம்பர் பிறந்தால் போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, அந்தப் பக்கம் கொடைக்கானல் என்று மலையில் எங்கே திரும்பினாலும் ஒரு 'ஓல்டீஸ் நைட்'. மைக்கைப் பிடித்தவர், "அந்தக் காலத்துல சிலோன் ரேடியோவுல கேட்டீங்களே, அதே ஒரிஜினல்" என்று முழங்குவார். முழங்கிவிட்டு இணையத்தில் தேடியதும் முதலில் வந்து விழுந்த கோப்பைத் தட்டிவிடுவார். அது 'ரீமாஸ்டர்' (பிற்பாடு ஒலியை மெருகேற்றிய பிரதி) ஆக இருக்கும், இல்லையென்றால் எவனோ வீட்டில் உட்கார்ந்து பாஸ் ஏற்றிய '5.1 ஹெச்டி'. கூட்டத்தில் நாலு பேர் கண்ணை மூடித் தலையாட்டி, "ஆமா, இதேதான்" என்பார்கள். எதேதான்? என்னத்தை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒரே பாட்டுக்கு, குரலையும் வாத்தியங்களையும் வேறு வேறு அளவில் கலந்த பல 'மிக்ஸ்' இருக்கும்.

பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பி' எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மலையில் கிட்டார் தொட்ட எவனுக்கும் தெரிந்த பாட்டு. சிங்கிள் (ஒரு பாட்டுக்கான சின்னத் தட்டு) 1970 மார்ச் 6-ல் பிரிட்டனில் வெளிவந்தது, ஆல்பம் மே 8-ல். சிங்கிளுக்குத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், ஆல்பத்துக்கு ஃபில் ஸ்பெக்டர். அடிப்படை டேக் (ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தது) இரண்டுக்கும் ஒன்றே, 1969 ஜனவரி 31-ல் வாசித்தது. அதனால்தான் ஆரம்பத்தைக் கேட்டே தீர்ப்பு எழுதுகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நடுவில் வரும் கிட்டாரைக் கேளுங்கள். சிங்கிளில் இருப்பது 1969 ஏப்ரலில் சேர்த்த சோலோ, மெதுவாகச் சுழன்று வரும். ஆல்பத்தில் இருப்பது 1970 ஜனவரியில் வாசித்தது, கரகரவென்று முன்னால் வந்து நிற்கும். ஆல்பத்தில் ஹை-ஹாட்டுக்கு (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளம்) எதிரொலி உண்டு, பின்னணி வாத்தியங்கள் தூக்கலாக இருக்கும், கடைசிப் பல்லவியில் ஒரு வரி கூடுதலாகத் திரும்பும். சிங்கிள் 3 நிமிடம் 50 விநாடி, ஆல்பம் 4 நிமிடம் 3 விநாடி. இத்தனை அடையாளம் வெளிப்படையாகக் கிடக்கிறது. அப்படியும் ஆல்பம் மிக்ஸைப் போட்டுவிட்டு, "1970 ஏப்ரல்ல ரேடியோவுல கேட்டது" என்று அடித்துப் பேசுகிறார்கள். ஏப்ரலில் அந்த ஆல்பம் கடைக்கே வரவில்லையே ஐயா!

ஆகவே முதல் வேலை தேதி. கேட்டது எந்த மாதம், அன்றைக்கு எந்தத் தட்டு வெளிவந்திருந்தது? பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, எல்.பி.யில் (பெரிய தட்டில்) இருக்கிறது என்பதற்காக ஆல்பம் மிக்ஸ் என்று சொல்லாதீர்கள். 1973-ல் வந்த பீட்டில்ஸின் நீல அட்டைத் தொகுப்பில் இருப்பது இதே பாட்டின் சிங்கிள் வடிவம்தான். அட்டையைப் பார்த்து மிக்ஸைச் சொல்வது ஜாதகம் பார்க்காமல் கல்யாணத் தேதி குறிக்கிற மாதிரி.

அடுத்து இந்த 'நேரம்' கூத்து. லேபிளில் 3:05 என்று போட்டிருக்கிறது, அதனால் ரேடியோவுக்கென்று தனியாக ஒரு வெட்டு (சுருக்கிய பதிப்பு) இருந்தது என்று ஒரு கோஷ்டி. 1964-ல் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய 'யூ'வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்' தட்டில் 3:05 என்றுதான் அச்சு. ஓடுவதோ ஏறக்குறைய 3:45. நீளமான பாட்டென்றால் நிலையங்கள் ஒதுக்கிவிடும் என்று தெரிந்தே பொய் நேரம் போட்டார் ஸ்பெக்டர். நிஜமான ரேடியோ வெட்டு வேண்டுமா? 1967-ல் டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்'. ஆல்பத்தில் ஏழு நிமிடத்தை ஒட்டி ஓடும், ஆர்கனும் கிட்டாரும் மாறி மாறி வாசித்துத் தள்ளும். சிங்கிளில் அந்த நடுப்பகுதியைக் கத்தரித்து மூன்று நிமிடத்துக்குள் அடக்கிவிட்டார்கள். அதோடு விட்டதா? ஸ்டீரியோ ஆல்பம் வேகம் குறைந்து பதிவானதால் சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரம் இறங்கிப்போனது. மேடையில் அவர்கள் வாசித்தது 'ஏ' சுருதியில். 45 சுற்று சிங்கிள் சரியான வேகத்தில் இருந்தது, ஆல்பம் நாற்பது வருடம் கழித்துத்தான் திருத்தப்பட்டது. பழைய ஆல்பக் கோப்போடு கீபோர்டை வைத்து வாசித்துப் பாருங்கள், 'ஏ'க்கும் பொருந்தாமல் அதற்கு அரைச்சுரம் கீழே உள்ள 'ஜி ஷார்ப்'புக்கும் சரியாக உட்காராமல் இழுக்கும். அதற்குப் பிறகு பேண்டுக்காரனைத் திட்டாதீர்கள். பாவம், நீங்கள் கொடுத்த கோப்பைக் கேட்டுத்தான் அவன் பயிற்சி எடுத்தான்.

சொல்லே மாறிய கதையும் உண்டு. கிங்க்ஸ் குழுவின் 'லோலா', 1970. ஆல்பத்தில் ஒரு குளிர்பானத்தின் பிராண்டுப் பெயரையே பாடியிருப்பார்கள். பிபிசியில் வணிகப் பெயர் வரக்கூடாது என்பதால் சிங்கிளுக்கு அந்த ஒரு சொல்லை 'செர்ரி கோலா' என்று மாற்றிப் பாடினார் ரே டேவிஸ். ஒரே ஒரு சொல்லைக் கேட்டால் போதும், தட்டே வேண்டாம். இவ்வளவு சுலபமானதைக்கூடக் கேட்காமல் விவாதம் செய்கிறவர்களை என்ன செய்வது? பக்கம் மாறியதும் உண்டு: போனி எம் குழுவின் 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்' 1978-ல் பிரிட்டனில் பின்பக்கப் பாட்டாகத்தான் வந்தது. நிலையங்கள் திருப்பிப் போட்டு அதையும் ஹிட் ஆக்கின.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். எரிச்சலின் உச்சம் 'எங்கப்பா ரேடியோவுல இருந்து ரெக்கார்டு பண்ண கேசட்' கோஷ்டி. கேசட் நல்ல சாட்சிதான். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிய வேண்டாமா?

"கேசட்டுல மோனோவா இருக்கு, அதனால ரேடியோ மோனோ மிக்ஸ்தான் போட்டது." தவறு. எஃப்.எம். ரேடியோவில் சிக்னல் தளர்ந்தால் கருவியே ஸ்டீரியோவை (இடம், வலம் என்று இரண்டு தடம்) மோனோவாக (ஒரே தடமாக)ச் சுருக்கும், இரைச்சலைக் குறைப்பதற்காக. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாறு வளைவுகளில் கார் ரேடியோவைக் கவனியுங்கள். சிக்னல் மலைச்சுவரில் மோதித் திரும்பி வந்து குழப்பும், ஒலி ஒரு நொடி விரியும், அடுத்த நொடி நடுவில் ஒடுங்கும். கொடைக்கானல் மலையில் இருக்கும் கோடை பண்பலை (100.5) கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருந்து ஒலிபரப்பாவதால் மதுரையைத் தாண்டியும் கணீரென்று கேட்கும். அதே மலையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற ஊரில் இரையும். வானொலி என்ன போட்டது என்பது வேறு, உங்கள் வீட்டு ஆண்டெனாவுக்கு என்ன வந்து சேர்ந்தது என்பது வேறு.

"ரேடியோ மிக்ஸ்ல குரல் தூக்கலா இருக்கும்." ஸ்டீரியோவை மோனோவாக மடித்தால் ஓரங்களில் இருக்கிற வாத்தியங்களைவிட நடுவில் இருக்கிற குரல் சுமார் 3 டெசிபல் முன்னால் வரும். கூடவே நிலையத்தின் லிமிட்டர் (ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் கருவி) மெல்லிய பியானோவையும் முழுப் பல்லவியையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிடும். தனி மிக்ஸே தேவையில்லை, இந்த இரண்டும் போதும்.

"நடுவுல ஒரு சுழல்ற எஃபெக்ட் வருமே, இப்ப இருக்கிற தட்டுல அது இல்லை!" சிற்றலையில் கேட்டீர்களா? அப்படியானால் அந்தச் சுழல் ஸ்டூடியோவில் போட்டதல்ல. அலை வான்மண்டலத்தில் பல வழியாகப் பட்டுத் திரும்பும்போது சில அதிர்வெண்கள் மட்டும் மங்கி எழும். இல்லாத மிக்ஸை எத்தனை வருடம் தேடப் போகிறீர்கள்?

வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த ரேடியோ என்றால் இன்னொரு கோளாறு. அமெரிக்க எஃப்.எம். கருவிகள் 75 மைக்ரோவிநாடி டி-எம்ஃபசிஸ் (ஒலிபரப்பில் ஏற்றிய உச்ச ஒலியைத் திரும்பக் குறைப்பது) கணக்கில் செய்தவை, நம் நாட்டு ஒலிபரப்பு 50. அதில் கேட்டுப் பதிந்தால் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் மங்கும். உடனே "மெல்லோ மிக்ஸ்" என்று அதற்கு ஒரு பெயர் வேறு சூட்டிவிடுவார்கள்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒழுங்காகச் செய்தால் ஒரு மாலை வேலை.

கேசட்டை வெட்டாமல், சுத்தம் செய்யாமல் கணினியில் ஏற்றுங்கள். பாட்டின் முடிவை நம்பாதீர்கள், அறிவிப்பாளர் அதன்மேல் பேசியிருப்பார் அல்லது சீக்கிரமே இறக்கியிருப்பார். நடுவில் இரண்டு உறுதியான புள்ளிகளை எடுங்கள்: குரல் நுழையும் முதல் எழுத்து, சோலோவின் முதல் சுரம். இரண்டுக்கும் இடைவெளி கேசட்டில் 118 விநாடி, தட்டில் 120 என்றால் கேசட் சுமார் 1.7 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சுருதியில் 29 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அடுத்த பகுதியிலும் இதே விகிதம் வந்தால் வேக வித்தியாசம் மட்டும்தான், மிக்ஸ் வேறு என்பதற்கு அது ஆதாரமாகாது. விகிதம் ஒரு இடத்தில் திடீரென்று குதித்தால், அங்கேதான் வெட்டு இருக்கிறது. இந்த ஒரு கணக்கைப் போடாமல்தான் மாதக்கணக்கில் சண்டை.

பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரண்டையும் அடுத்தடுத்த தடத்தில் வையுங்கள். திருத்தவேண்டியது 'ஸ்பீடு', 'டெம்போ' அல்ல. டேப்பும் தட்டும் வேகம் மாறினால் சுருதியும் சேர்ந்துதான் மாறும், டெம்போ கருவியோ சுருதியை அப்படியே விட்டுவிடும். முதல் டிரம் அடியை அலைவடிவத்தில் பெரிதாக்கி நேர்படுத்தி, ஒன்றை 'இன்வெர்ட்' செய்து (அலையைத் தலைகீழாக்கி) கூட்டுங்கள். ஒரே மிக்ஸ் என்றால் ஒலி கரைந்து போக வேண்டும். அரை மில்லிவிநாடி, அதாவது விநாடிக்கு 44,100 ஒலி மாதிரி (சாம்பிள்) எடுக்கும் கோப்பில் வெறும் 22 மாதிரி, தள்ளிப்போனாலே 1 கிலோஹெர்ட்ஸில் கரைவதற்குப் பதிலாக இரட்டிக்கும். "நான் செஞ்சு பார்த்துட்டேன், கரையலை, அதனால வேற மிக்ஸ்" என்கிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள். கேசட்டின் வேகம் ஆடிக்கொண்டே இருப்பதால் முழுப் பாட்டும் ஒரேயடியாகக் கரையாது. பத்து விநாடித் துண்டுகளாக எடுத்து ஒவ்வொன்றையும் தனியாக நேர்படுத்த வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் படத்தையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது) ஒரு தடவை பாருங்கள். எஃப்.எம். ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 19-ல் பைலட் ஒலியின் (ஸ்டீரியோ என்று கருவிக்குச் சொல்லும் குறி) மெல்லிய கோடு சில பதிவுகளில் தெரியும். மத்திய அலை என்றால் 5-க்கு மேல் ஒன்றும் இருக்காது. 'ரேடியோவில் இருந்து எடுத்தது' என்று ஒருவர் கொடுக்கும் கோப்பில் 20 வரை பளபளவென்று இசை இருந்தால், அவர் உங்களுக்குக் கொடுத்தது குறுந்தகடு.

தட்டு கையில் இருந்தால் லேபிளை விடுங்கள், பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்று வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே பொறித்திருக்கிற மேட்ரிக்ஸ் எண்தான் எந்தப் பதிப்பு என்று சொல்லும். அமெரிக்க நிலையங்களுக்கு அனுப்பிய விளம்பரப் பிரதிகளில் ஒரு பக்கம் மோனோ, மறுபக்கம் ஸ்டீரியோ என்று ஒரே பாட்டை இரண்டு முறை அழுத்தியிருப்பதும் உண்டு. நம் ஊர்ப் பரணில் கிடப்பது பெரும்பாலும் கொல்கத்தா டம்டம் ஆலையில் கிராமஃபோன் கம்பெனி அழுத்தியது. பீட்டில்ஸ் பாட்டுகளை 78 சுற்றுத் தட்டாகவும் இங்கே அழுத்தினார்கள். அந்தத் தட்டுக்கு எல்.பி. ஊசியை வைத்துவிட்டு "மங்கலான மிக்ஸ்" என்று பேசாதீர்கள். 78-க்கு சுமார் 75 மைக்ரான் ஊசி வேண்டும், ஸ்டீரியோ எல்.பி.க்கு 18 போதும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும்.

மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். அதற்காக 78 தட்டை ஸ்பிரிட்டில் துடைத்த புண்ணியவான்களே, அது அரக்கு. ஆல்கஹாலில் கரையும். துடைத்தது பூஞ்சையை அல்ல, பாட்டை. காய்ச்சி வடித்த நீர், மென்மையான துணி, பள்ளம் ஓடும் திசையிலேயே துடைப்பது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மேலே ஒரு கொடுமை. கேசட்டைக் கணினியில் ஏற்றியதும் முதல் வேலையாக 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போடுகிறார்கள். சிம்பல், எதிரொலி, 19-ல் இருந்த கோடு, அறிவிப்பாளரின் கடைசி அசை எல்லாம் போச்சு. பிறகு அதை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கி 16-க்கு மேலே இருந்ததையும் கத்தரித்துவிட்டு, கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, வாட்சப்பில் அனுப்பி, "இது எந்த மிக்ஸ்னு சொல்லுங்கண்ணே" என்கிறார்கள். எதை வைத்து அண்ணன் சொல்வது? கேட்ட மாதம், வருடம், நிலையம், மத்திய அலையா சிற்றலையா எஃப்.எம்.மா, எந்தக் கருவி, இத்தனையும் எழுதி, 24 பிட் வேவ் கோப்பாக, கைபடாமல் அனுப்புங்கள். கேசட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், அஸிமத் கோணல் (வாசிக்கும் ஹெட் சாய்ந்திருப்பது) என்று தெரிந்தால் மறுபடி ஏற்றச் சொல்வேன்.