குழல்தான் முந்தி, பூ அப்புறம்தான்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வண்ணத்துப்பூச்சி பார்க்க நடத்திக் கூட்டிப்போன இடத்தில் நடந்தது உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். "பூ தேன் சுரந்தது, அதைக் குடிக்கத்தான் பூச்சிக்குக் குழல் வந்தது" என்று கூட்டிப்போனவர்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். "இல்லைங்க, குழல்தான் முந்தி" என்றேன். சிரித்தார்கள். நாலு நாளாகியும் அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், குழல்தான் முந்தி. ஜெர்மனியில் ஆழத்தில் துளையிட்டு எடுத்த பாறையில் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனத்தின் இறகுச் செதில்கள் கிடைத்ததாக 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வயது சுமார் 20 கோடி ஆண்டுகள். சில செதில்கள் உள்ளே வெற்றிடம் உள்ளவை. குழல் வாய் கொண்ட பரம்பரைக்குத்தான் அப்படிச் செதில் உண்டு. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பூத்தாவரப் புதைபடிவங்களோ சுமார் 13 கோடி ஆண்டுப் பழமைதான். நடுவில் 7 கோடி ஆண்டுகள்!

இனிமேல் பழைய பூ கிடைக்கலாமே என்பீர்கள். கிடைக்கட்டும், அன்றைக்குப் பேசுவோம்.

டார்வினின் ஆர்க்கிட்டைக் காட்டினார்கள். 1862இல் தேனை ஆழத்தில் வைத்திருக்கும் அந்த மடகாஸ்கர் பூவைப் பார்த்து, இதற்கேற்ற நீளக் குழலுள்ள அந்துப்பூச்சி இருக்க வேண்டும் என்றார். 1903இல் அப்படியொரு அந்துப்பூச்சிக்குப் பெயரே வைத்தார்கள். எனக்கும் மிகப் பிடித்த கதை. ஆனால் குழல் எப்படி நீண்டது என்பதைத்தான் அது சொல்கிறது. எப்படி வந்தது என்பது வேறு கதை. இன்றும் சில சின்ன அந்துப்பூச்சிகளுக்குக் குழலே கிடையாது, மகரந்தத்தை மென்றுதான் தின்கின்றன.

புத்தகம் படித்து மட்டும் பேசவில்லை. எங்கள் வீட்டு எலுமிச்சைச் செடியில் கூட்டுப்புழுவிலிருந்து ஒன்று வெளிவந்ததைக் காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். வந்தவுடன் குழல் இரண்டு இழையாகப் பிரிந்துதான் இருந்தது. சுருட்டிச் சுருட்டி நீட்டி, அதுவாகவே இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"குழந்தைகளுக்கு இவ்வளவு எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது. ஏன், குழந்தை என்றால் தப்பாகச் சொல்லலாமா? பின்னால் நின்ற ஒரு பையன், "பூ இல்லாம அது எதைக் குடிச்சுது?" என்று கேட்டான். அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே அதுதான் நல்ல கேள்வி. வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

அவன் வீட்டார் இதைப் படித்தால் தயவுசெய்து அவனிடம் சொல்லுங்கள். பூக்காத ஊசியிலை மரங்கள், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்கச் சின்னதாக ஒரு துளி சுரக்கும். அதில் சர்க்கரை உண்டு. வறண்ட அந்தக் காலத்தில் அதைத்தான் குடித்திருக்கும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.