பீங்கான் அடுக்கு ஆக்ஸிஜனைத் தடுப்பதில்லை

ஜெட் எஞ்சின் டர்பைன் பிளேடு பற்றிய கட்டுரை நல்ல முயற்சி, ஆனால் மேலே இருக்கும் பீங்கான் பூச்சுதான் ஆக்ஸிஜனைத் தடுக்கிறது என்று எழுதியிருப்பது சரியில்லை. அந்தப் பீங்கான், அதாவது இட்ரியா (இட்ரியம் ஆக்ஸைடு) கலந்த சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்ஸைடு), தடுப்பது வெப்பத்தை மட்டும்தான். நுண்துளைகள் வழியாகவும் படிகத்தின் ஊடாகவும் ஆக்ஸிஜன் தாராளமாக உள்ளே போய்விடும் (கார்களின் ஆக்ஸிஜன் சென்சாரில் இதே பொருள் இருப்பதும் அதனால்தான்).

உண்மையான காவல் அதற்கு அடியில் இருக்கும் உலோகப் பூச்சு. நிக்கல் அல்லது கோபால்ட்டோடு குரோமியம், அலுமினியம், துளி இட்ரியம் சேர்த்தது, இல்லையென்றால் பிளாட்டினம் அலுமினைடு (பிளாட்டினம் கலந்த அலுமினியச் சேர்மம்). அதிலுள்ள அலுமினியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சில மைக்ரான் தடிமனில் அலுமினா படலமாகிறது, அது மிக மெதுவாகத்தான் வளரும். குரோமியம் ஆக்ஸைடு படலம் போதாதா என்றால், 1000 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது ஆவியாகிக் குறைய ஆரம்பிக்கும். ஆனாலும் கடல் உப்பிலிருந்து வரும் சோடியம் சல்ஃபேட் உருகி அரிக்கிற இடங்களில், அதாவது கப்பல் டர்பைன்களில், குரோமியம் இல்லாமல் முடியாது.

இட்ரியம் ஒரு சதவீதம்கூட இருக்காது, ஆனால் உலோகத்தில் கலந்திருக்கும் கந்தகத்தைப் பிடித்து வைத்துப் படலம் உரியாமல் காப்பது அதுதான். எனக்கு இதிலேயே பிடித்த விஷயம் அதுவே.

அப்புறம், எஞ்சின் சூடாகிக் குளிரும்போதெல்லாம் படலம் கொஞ்சம் உரியும், பூச்சிலிருந்து அலுமினியம் வந்து மறுபடி மூடும். அதே அலுமினியம் கீழே சூப்பர் அலாய்க்குள்ளும் (பிளேடு செய்யப்பட்ட உலோகக் கலவை) ஊடுருவி வீணாகிறது. பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கும் இந்த இரட்டை இழப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?