டெலிபோன் நம்பராம்!

கால்பந்தில் ஒரு டீம் எப்படி நிற்கிறது, கோல்கீப்பரை விட்டுப் பின்னால் எத்தனை பேர், நடுவில் எத்தனை, முன்னால் எத்தனை என்று நம்பர் போட்டு அலசியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "3-4-3, 4-3-3ன்னு என்னடா அலசுற? அதெல்லாம் வெறும் டெலிபோன் நம்பர் மாப்ள. நல்ல பிளேயர் இருந்தா ஜெயிப்பான், இல்லேன்னா தோப்பான்." அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி வேறு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

இங்கிலாந்து கிளப் செல்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பர் 24, ஆர்சனல் மைதானம். இடைவேளைக்குள்ளேயே மூன்று கோல் வாங்கியாயிற்று. இரண்டாம் பாதியில் செல்சி கோச் கோன்டே, நடுவில் ஆடும் ஃபாப்ரிகாஸை வெளியே எடுத்து, இடது ஓரத்தில் ஆடும் மார்கோஸ் அலோன்சோவை இறக்கினார். பின்னால் நான்கு பேர் நின்றது மூன்றானது. அந்த மேட்ச் 3-0 என்றே முடிந்தது, சரி. அடுத்த மேட்சிலிருந்து லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி. சீசன் முடிவில் 93 புள்ளி, கோப்பை.

"நடுவுல கான்டே மாதிரி பிளேயர் இருந்தான்ல?" என்பீர்கள். அந்த 3-0விலும் கான்டே ஆடினார் ஐயா! முன்னால் நிற்கும் ஹஸார்ட் ஆடினார், பின்னால் நிற்கும் டேவிட் லூயிஸ் ஆடினார். மாறியது அவர்கள் நின்ற இடம். இடது ஓரம் முழுக்க அலோன்சோ பார்த்துக்கொண்டதால், பின்னால் ஓடிவந்து காவல் காக்கும் வேலை ஹஸார்டுக்குக் குறைந்தது. உள்ளே, கோலுக்குக் கிட்டே பந்து வாங்கினார். லூயிஸின் இரண்டு பக்கமும் அஸ்பிலிகுவேட்டாவும் கேஹிலும் நின்றார்கள். அவர் துணிந்து முன்னால் போய்ப் பந்தை வெட்டலாம், தப்பினாலும் கவர் இருக்கிறது. மூன்று சீசனாகக் கடனுக்கு வேறு வேறு கிளப்புகளில் ஆடிவிட்டு வந்த மோசஸ், வலது விங் பேக்காக, அதாவது அந்த ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடுகிறவராக, நிலைத்துவிட்டார். யார் பக்கத்தில் யார், பந்து போனால் யார் ஓடுவது. இதைத்தான் அந்த நம்பர் தீர்மானிக்கிறது.

"பெரிய கோச் கார்டியோலாவே டெலிபோன் நம்பர்னு சொல்லியிருக்காரே!" சொன்னார்தான். அதே மனிதர்தான் பார்சிலோனா கோச்சாக, 2009 மே 2 அன்று ரியல் மாட்ரிட்டின் பெர்னபாவ் மைதானத்தில் எட்டோவை வலது ஓரத்துக்கு அனுப்பிவிட்டு மெஸ்ஸியை நடுவில் வைத்தார். மெஸ்ஸி கீழே இறங்க இறங்க, கூடவே போவதா, இடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் ரியலின் ஸ்டாப்பர்கள் (பின்வரிசையில் நடுவில் நிற்பவர்கள்) முழித்தார்கள். பார்சிலோனாவுக்கு 6-2 வெற்றி. நம்பர் மேல் நம்பிக்கை இல்லாத மனிதர் பார்க்கிற வேலையா இது?

"மான்செஸ்டர் யுனைடெட் கோச்சா வந்த அமோரிமும் மூணு பேக்தான் வச்சார், 2024-25ல லீக்ல 15ஆவது இடம்." அதுவும் என் கட்சிதானே! ஒன்றுமில்லாத விஷயம் எப்படி ஒரு டீமைக் கெடுக்கும்? (சீசன் நடுவில் வந்தார், அவருக்கேற்ற ஆள் இல்லை, எல்லாம் தெரியும். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.)

எங்கள் காலேஜ் டீமில் நான் ரைட் பேக். எனக்கு முன்னால் ரைட் விங்கில் ஆடியவன், ஞாயிற்றுக்கிழமை சிரித்த இதே மாப்ளதான். மூன்றாம் வருஷம் பி.டி. சார் மூன்று ஸ்டாப்பர் வைத்து ஆடச் சொன்னார். வலது ஓரம் மொத்தமும் என் தலையில். செம்மண் கிரவுண்ட், புளியமரத்து நிழல் எதிர்ப்பக்கம். வெயிலில் கார்னர் கொடி வரை ஓடி, பந்து போனால் திரும்ப எங்கள் பாக்ஸ் வரை ஓடி, இடைவேளையில் விலா பிடித்துக்கொள்ளும், எலுமிச்சம்பழத்துண்டைக்கூடக் கடிக்க முடியாது. அவன் இடுப்பில் கை வைத்தபடி மேலேயே நிற்பான். நிற்கலாம், அதுதான் சார் போட்ட திட்டம். அந்த வருஷம் அவன் அடித்த கோலெல்லாம் உள்ளே வெட்டிப்போய் அடித்தவை. எதிரணி லெஃப்ட் பேக் என் பின்னால் வந்துகொண்டிருந்தான், மாப்ளைக்கு வழி விட்டு.

நல்ல பிளேயராம். இருக்கட்டும்.

கோப்பையோடு எடுத்த போட்டோதான் இன்றைக்கும் அவனுடைய கவர் போட்டோ. போய்ப் பாருங்கள். வலது ஓரத்தில் பாதித் தோள் ஒன்று தெரியும். அது நான்.