சார்ஜ் ஒப்படைக்காத வைத்தி

(வைத்தீஸ்வரன்கோயில். சீர்காழியிலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் ஏழெட்டுக் கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை காலை. செவ்வாய்க் கிரகமான அங்காரகன் தலம் என்பதால் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்தாமிர்தக் குளத்துப் படிக்கட்டில் மீனாட்சி அக்கா, வயது 70. பக்கத்தில் தம்பி வைத்தியநாதன், வயது 61. வங்கியில் ஆடிட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆடிட் பிரிவில் இருந்தவர்கள் உண்மையில் ஓய்வு பெறுவதில்லை, சம்பளம் மட்டும்தான் நின்றுபோகிறது. கையில் வெல்லம், கக்கத்தில் தடித்த ஃபைல், மணிக்கட்டில் மகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச்.)

அக்கா: வெல்லத்தைக் கரைடா. எவ்வளவு நேரம் அதையே உற்றுப் பார்ப்பாய்?

வைத்தி: எவ்வளவு கரைக்க வேண்டும் என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். ஒரு அச்சா, அரைக் கிலோவா?

அக்கா: கட்டி, பரு, தோல் வியாதி இருக்கிறவர்கள் வேண்டிக்கொண்டு கரைப்பது இது. வெல்லம் கரைகிற மாதிரி அதுவும் கரையட்டும் என்று. உனக்கு என்ன கரைய வேண்டும்?

வைத்தி: கொலஸ்ட்ரால்.

அக்கா: சரி, போடு. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

வைத்தி: இந்தக் குளத்தில் தவளையே கிடையாது என்கிறார்களே, யார் சரிபார்த்தது? (குனிந்து படிக்கு அடியில் எட்டிப் பார்க்கிறார்.)

அக்கா: டேய், சாமி கும்பிட வந்தாயா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தாயா? முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு இப்படிக் குனிகிறாய்.

வைத்தி: முழங்காலைக் கூடப் பொறுத்துக்கொள்வேன் அக்கா. தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. இந்த வாட்ச் தினம் காலையில் தூக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறது. நேற்று நூற்றுக்கு 38.

அக்கா: எட்டாவது அரைப் பரீட்சையில் கணக்கில் நீ வாங்கியதும் கிட்டத்தட்ட அதுதான். அன்றைக்கு ராத்திரி நன்றாகத்தானே தூங்கினாய்?

வைத்தி: கேலி பண்ணாதே. மூன்று டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. மூன்று பேரும் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லை என்பதற்கு ஆளுக்கு ஒரு ஃபீஸ்! அதனால்தான் முடிவு பண்ணிவிட்டேன். இனிமேல் எல்லாம் வைத்தியநாதர் பொறுப்பு. பூரண சரணாகதி.

அக்கா: சந்தோஷம். அந்த ஃபைல் எதற்கு?

வைத்தி: சரணடைகிறவனைப் பற்றி அவருக்கு ஒரு விவரம் வேண்டாமா? மூன்று வருட ரிப்போர்ட். தேதிவாரியாகப் பஞ்ச் பண்ணியிருக்கிறேன். பிபி மாத்திரையையும் நேற்று ராத்திரியோடு நிறுத்தியாயிற்று.

அக்கா: என்னது?

வைத்தி: நம்பினால் முழுசாக நம்ப வேண்டாமா? ஒரு கை சாமியிடம், ஒரு கை மாத்திரையில் என்றால் அவர் என்ன நினைப்பார்?

அக்கா: அவர் என்ன நினைப்பார் என்பதை இதே ஊரில் நின்று அப்பர் பாடி வைத்திருக்கிறார். ‘மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீராநோய் தீர்த்தருள வல்லான்.’ மருந்தும் அவர்தான். நேற்று ராத்திரி நீ யாரை நிறுத்தினாய் என்று இப்போது சொல்.

வைத்தி: ...மருந்துமாகி என்றா இருக்கிறது?

அக்கா: தேவாரத்தில் இருக்கிறது. இந்த அம்பாள் தையல்நாயகியே தைலப் பாத்திரம், சஞ்சீவி, வில்வத்தடி மண் எல்லாம் எடுத்துக்கொண்டு கூடவே வந்தவள் என்று புராணம். சாமியே மருந்துப் பெட்டியோடு வந்திருக்கிறார், நீ மாத்திரை வேண்டாம் என்கிறாய். எடு. கொண்டுவந்திருப்பாயே?

வைத்தி: ஒரு முன்னெச்சரிக்கைக்காக, சட்டைப் பையில்.

அக்கா: பூரண சரணாகதியாம்! இந்தா பாட்டில். குடி.

(உள்ளே போய் அர்ச்சனை முடித்து வெளியே வருகிறார்கள். மேற்குப் பார்த்த சன்னிதி. அக்காவின் முகத்தில் பக்தி, அதற்குப் பின்னால் அடக்கிய சிரிப்பு.)

அக்கா: ஏன்டா, குருக்கள் பெயர், நட்சத்திரம்தானே கேட்டார்?

வைத்தி: சொன்னேனே.

அக்கா: ‘வைத்தியநாதன், உத்திராடம், எல்டிஎல் 148’ என்று கொலஸ்ட்ரால் கணக்கையும் சேர்த்துச் சொன்னாய். அவர் பாவம், அதையும் சேர்த்துச் சங்கல்பம் பண்ணிவிட்டார்.

வைத்தி: அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும் அக்கா. உத்திராடத்தில் எத்தனை வைத்தியநாதன் இருப்பான்! அதுவும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெருவுக்கு ஒருத்தன். எனக்கே அம்மா இங்கே வேண்டிக்கொண்டுதானே இந்தப் பெயரை வைத்தாள்?

அக்கா: நீ அப்போது கைக்குழந்தை, பால் குடிக்காமல் வீறிட்டாய். தூக்கிக்கொண்டு வந்து இந்தச் சன்னிதியில் கிடத்தினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ‘உன் பிள்ளை, நீ பார்த்துக்கொள்’ என்றாள். அவ்வளவுதான். ஃபைல் கிடையாது.

வைத்தி: அப்புறம்?

அக்கா: அப்புறம் வீட்டுக்கு வந்து வசம்பை உரசினாள். நீ சன்னிதியில் பத்து நிமிஷம் உதட்டை அசைத்தாயே, என்ன கேட்டாய்?

வைத்தி: கோரிக்கைகள். முன்னுரிமைப்படி. ஒன்று தூக்கம். இரண்டு முழங்கால். மூன்று பிபி. நான்கு, பையனுக்குப் புனேயில் இருந்து சென்னைக்கு மாற்றல். ஐந்து, மாடி வாடகைக்காரர் காலி பண்ண வேண்டும். ஆறு, பக்கத்து வீட்டு முருங்கை நம் சுவருக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. எல்லாம் ஆடிக்குள்.

அக்கா: தவணை வேறா?

வைத்தி: தேதி இல்லாத கோரிக்கையை எந்த ஆபீசிலும் எடுக்க மாட்டார்கள். முடித்துக் கொடுத்தால் வெள்ளியில் உறுப்பு வாங்கி உண்டியலில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முழங்காலுக்குக் கால் போட்டுவிடலாம். தூக்கத்துக்கு எதைப் போடுவது? கண்ணா, தலையா?

அக்கா: உனக்கு வாய்தான் பொருத்தம்.

(நவக்கிரகங்கள் இருக்கும் இடம். மற்றக் கோயில்களில் சதுரமாக ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பவர்கள் இங்கே நேர்கோட்டில் நிற்கிறார்கள்.)

வைத்தி: இவர்கள் ஏன் அக்கா ஒரே வரிசையில் நிற்கிறார்கள்?

அக்கா: டாக்டர் வீட்டில் வேறு எப்படி நிற்பார்கள்? செவ்வாயே தோல் வியாதியோடு வந்து இங்கேதான் குணமானான் என்று கதை. கிரகத்துக்கே வியாதி வருகிறது, உனக்கு வந்தால் அதிசயமா?

வைத்தி: சித்த வைத்தியத்தில் மொத்தம் 4448 வியாதி என்று கணக்குச் சொல்வார்கள். அதில் என்னுடையது எத்தனையாவது?

அக்கா: 4449. புதிதாகச் சேர்க்க வேண்டும்.

வைத்தி: வெளியே நாடி ஜோதிடம் என்று எத்தனை போர்டு பார்த்தாயா? கட்டைவிரல் ரேகை கொடுத்தால் ஓலையை எடுத்துப் படிப்பார்களாம். ஆடிக்குள் நடக்குமா என்று ஒரு வார்த்தை...

அக்கா: பொறுப்பை விட வந்தவனுக்கு முன்கூட்டியே ஸ்டேட்மென்ட் எதற்கு?

வைத்தி: நான்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேனே!

அக்கா: நீ ரிட்டையர் ஆனபோது சார்ஜ் ஒப்படைத்தாய், ஞாபகம் இருக்கிறதா?

வைத்தி: இல்லாமல் என்ன? சாவிக்கொத்தில் இருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் பட்டியல் போட்டு, இரண்டு பேர் கையெழுத்து.

அக்கா: மறுநாள் காலை பத்து மணிக்கு என்ன பண்ணினாய்?

வைத்தி: ஒரு சின்ன சந்தேகத்துக்காகப் போன் பண்ணினேன்.

அக்கா: யாருக்குச் சந்தேகம்?

வைத்தி: புதிதாக வந்த பையனுக்கு. வரலாம் இல்லையா?

அக்கா: எத்தனை நாள் பண்ணினாய்?

வைத்தி: அவன் என் நம்பரை பிளாக் பண்ணும் வரைக்கும்.

அக்கா: பாவம், வைத்தியநாதருக்கு அந்த வசதி கிடையாது.

(பிராகாரத்தில் ஒரு தூணடியில் உட்கார்கிறார்கள். வைத்தி முழங்காலைத் தேய்க்கிறார்.)

அக்கா: சித்திரை இரண்டாம் செவ்வாய்க்கு இந்தத் தையல்நாயகியைப் பார்க்கச் செட்டிநாட்டில் இருந்து நகரத்தார் நடந்தே வருகிறார்கள். நீ காரை விட்டிறங்கி வாசல் வரை வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாய்.

வைத்தி: வலித்தால் வலிக்கிறது என்று சொல்லவும் கூடாதா? அது சரணாகதிக்கு விரோதமா?

அக்கா: யார் சொன்னது? சூலை நோயில் அப்பர் திருவதிகையில் என்ன பாடினார்? ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்.’ எமன் மாதிரி வந்து நிற்கிற இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று எடுத்த எடுப்பிலேயே புகார்தான்.

வைத்தி: அப்படியானால் நான் செய்ததும் அதே...

அக்கா: அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். ‘ஆடிக்குள் சரியானால் வெள்ளியில் குடல் செய்து போடுகிறேன்’ என்று பேரம் பேசவில்லை. கூடவே பக்கத்து வீட்டு முருங்கையையும் இழுக்கவில்லை.

வைத்தி: அவருக்கு விபூதி கொடுத்து அழைத்துப் போனது யார்?

அக்கா: வேறு யார்? அக்காதான். திலகவதியார். எந்த வைத்தியத்துக்கும் கேட்காமல் கடைசியில் தம்பி ஆள் அனுப்பினார். ‘நான் அங்கே வரமாட்டேன்’ என்று சொல்லி அனுப்பிவிட்டாள் அந்த மகராசி. அவர்தான் வலியோடு ராத்திரியோடு ராத்திரியாக அக்காவைத் தேடி வந்தார். நீ என்னடா என்றால், ‘அக்கா, வாசலுக்கு வந்து நில், ஹார்ன் அடிக்கிறேன்’ என்கிறாய்.

வைத்தி: அந்தக் காலத்து அக்காக்கள் கறார்.

அக்கா: இந்தக் காலத்து அக்காக்களுக்கும் பொறுமை தீர்ந்துகொண்டு வருகிறது. இதோ பார், ஒன்று செய். நான் போய் இந்த உப்பு, மிளகுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வருகிறேன். உன் பட்டியலில் ஒரே ஒன்றை மட்டும் அவரிடம் விடு. நான் வரும்வரைக்கும் அதைப் பற்றி நினைக்கக் கூடாது.

வைத்தி: எதை?

அக்கா: நீயே எடு.

வைத்தி: தூக்கத்தை விட முடியாது, அது முதல் ஐட்டம். பையன்... வேண்டாம். சரி, வாடகைக்காரர்.

அக்கா: பரவாயில்லை, அதிலிருந்தாவது ஆரம்பி.

வைத்தி: ஆனால் அவர் அட்வான்சில் மூன்று மாதம் கழிக்க வேண்டியது...

அக்கா: வைத்தி!

வைத்தி: விட்டேன். விட்டுவிட்டேன். எழுத்துபூர்வமாக வேண்டுமா?

(அக்கா போகிறார். வரிசை நீளம். அவர் திரும்பி வரும்போது வைத்தி ஃபைலைத் தலைக்கு வைத்துத் தூணோரம் கிடக்கிறார். குறட்டை கொடிமரம் வரைக்கும் கேட்கிறது. இரண்டு குழந்தைகள் நின்று வேடிக்கை பார்க்கின்றன. அக்கா அவர்களை அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நடை சாத்துகிற நேரத்துக்குத்தான் தம்பியின் தோளைத் தட்டுகிறார்.)

வைத்தி: நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன்.

அக்கா: கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டன. அவ்வளவு பலமான யோசனை.

வைத்தி: மணி என்ன? பன்னிரண்டு தாண்டிவிட்டதா! இரு, வாட்ச்சில் பார்க்கிறேன். ஐயோ, பேட்டரி தீர்ந்து அணைந்துகிடக்கிறதே! இவ்வளவு நல்ல தூக்கம், ஒரு மதிப்பெண் கூடப் பதிவாகவில்லை. இப்போது நான் தூங்கினேன் என்பதற்கு ஆதாரமே கிடையாது.

அக்கா: கன்னத்தில் ஃபைல் கிளிப் அச்சு விழுந்திருக்கிறது. அது போதாதா?

வைத்தி: எந்தத் தூண் இது? எண் ஏதாவது போட்டிருக்கிறதா? நாளைக்கும் இதே இடம் கிடைக்குமா? இங்கேயே ஒரு வாரம் ரூம் போட்டால்...

அக்கா: தூணை விடு. வாடகைக்காரர் என்ன ஆனார்?

வைத்தி: எந்த வாடகைக்காரர்? ...அட, ஆமாம்! மறந்தே போய்விட்டது. இரு, இப்போதே ஒரு போன்...

அக்கா: போனை எடுத்தாய் என்றால் முழங்காலில் போடுவேன். வலிக்காத முழங்காலில்.

(வெளியே ஒரு மெஸ். வாழை இலை, சாம்பார், பொரியல். வைத்தி இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்குகிறார். கோயிலின் மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காலாவதி தேதி இல்லையே என்று முணுமுணுத்துவிட்டுப் பத்திரமாக அதே ஃபைலுக்குள் வைக்கிறார்.)

வைத்தி: அக்கா, எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. டாக்டர் உப்பைக் குறை என்றார். நாம் என்னடா என்றால் உப்பை வாங்கிக் கொண்டுபோய்ச் சாமிக்குக் கொட்டியிருக்கிறோம்.

அக்கா: உன் பங்கு உப்பை அவரிடம் கொடுத்தாயிற்று. இனி உன் இலையில் இருக்கக் கூடாது. அதுதான் கணக்கு. அந்த அப்பளத்தைக் கீழே வை.

வைத்தி: ஒரே ஒரு அப்பளம். அதையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். நான்தான் சரணடைந்துவிட்டேனே!

அக்கா: அப்படியா? அப்படியானால் அப்பளத்தையும் சமர்ப்பித்துவிடு.

வைத்தி: கோயில் நடை சாத்திவிட்டார்களே, எங்கே சமர்ப்பிப்பது?

அக்கா: என் இலையில்.